இன்ஜினை இறக்கிய பிறகு எழுதுவது

மகனே,

போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுகிறாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே புகுந்து "அப்பா, நான் சொல்றத முதல்ல கேளுங்க" என்று சொல்ல முடியாது பார், அது ஒரு நிம்மதி. எனக்கு உடம்பில் சத்தில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை, எழுந்தால் உட்கார இடம் தேடுகிறேன். ஆனாலும் இந்த இன்ஜின் சமாச்சாரத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். நீயும் நானும் அதை வைத்துத்தான் இத்தனை நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மல்லுக்கட்டியது எதற்காக என்பது எனக்கே போன வாரம்தான் விளங்கியது.

வண்டி நின்ற கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு டயாலிசிஸ் முடிந்து, வழக்கம்போல ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். செய்துங்கநல்லூர் தாண்டியதும் பின்னால் வெள்ளைப் புகை. கண்ணாடியில் பார்க்கிறேன், ரோடே தெரியவில்லை. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டர் உலை மாதிரிக் கொதிக்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறவளுக்கு நிற்கத் தெம்பு ஏது. ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் ஒரு வேப்பமரத்தடியில் கல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் அங்கனயும் இங்கனயும் கையைக் காட்டிக்கொண்டு ஓடுகிறேன், ஒருத்தனும் நிறுத்தவில்லை. கடைசியில் வாழைத்தார் ஏற்றப் போன ஒரு லாரிக்காரன்தான் நிறுத்தினான். அந்த உயரத்துக்கு அவளைத் தூக்கி ஏற்றினோம். சாயங்காலம் உன்னிடம் போனில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஏலே, இன்னிக்கு உங்கம்மா லாரியில வந்து இறங்குதா பாத்துக்கோ" என்று. நீ சிரிக்கவில்லை. "போதும்ப்பா. வண்டிய வித்துருங்க. ரெண்டு பேரும் மொத்தமா இங்க வந்துருங்க" என்றாய். எனக்குச் சுள்ளென்று வந்தது.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் வண்ணார்பேட்டையில் இசக்கியின் பட்டறையில் விட்டேன். இசக்கி உனக்குத் தெரியாதவன். வளைகுடாவில் இருந்து திரும்பி வந்து பட்டறை போட்டிருக்கிறான். வாய் கொஞ்சம் நீளம். எதைச் சொன்னாலும் "நான் அங்கன பாக்காத இன்ஜினா அண்ணாச்சி" என்று ஆரம்பிப்பான். அவன் கேஸ்கட்டைக்கூடக் கழற்றாமல், ரேடியேட்டரில் வரும் குமிழியைப் பார்த்துவிட்டே சொல்லிவிட்டான், சிலிண்டர் ஹெட் போய்விட்டது, புதுசுதான் மாற்ற வேண்டும் என்று. அதுவரை சரி. அதற்கு மேலேதான் வம்பு. இன்ஜினை மொத்தமாக வண்டியிலிருந்து இறக்கித்தான் மாற்றுவேன் என்றான். இந்த வண்டியில் கை நுழைய இடமில்லை, குனிந்து குனிந்து இடுப்பு ஒடிகிறது, இறக்கினால் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்துவிடலாம் என்றான். நான், ஹெட் என்பது இன்ஜினுக்கு மேலே இருக்கிற மூடிதானே, மூடியை மாற்ற எதற்குப் பானையை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும், இருந்த இடத்திலேயே வைத்து மாற்று என்றேன். "உம்ம இடுப்பு வலிக்கு என் இன்ஜினை இறக்குவீரோ" என்றும் கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். நீ போனில் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாய். கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், உனக்குத் தெரியாதா. இறக்கினால்தான் அடியில் பிளாக், நான் சொன்ன அந்தப் பானை, எப்படி இருக்கிறது என்று தெரியும் என்று பாடம் நடத்தினாய். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒன்றும் தெரியாதவனாக்கிவிட்டீர்கள் என்று எனக்குக் கோபம்.

இறக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் கேட்டாய். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி, வண்டி பட்டறையில் கிடந்தால் பஸ்ஸில்தான் அலைய வேண்டும், அதனால்தான் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. உனக்குத் தெரியும், அணைக்கட்டில் ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலையில் என் காலம் போனது. ஒருமுறை வடகால் வாய்க்கால் ஷட்டர் ஒன்றைப் பழுது பார்க்கிறோம் என்று மொத்தமாகக் கழற்றினார்கள். நன்றாகத்தான் பழுது பார்த்தார்கள், வர்ணம்கூட அடித்தார்கள். திரும்ப மாட்டியபோது அது பழைய மாதிரி உட்காரவே இல்லை. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரு பக்கம் கசிந்துகொண்டே இருந்தது. கோணிச்சாக்கும் களிமண்ணும் வைத்து அடைப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று. அதிலிருந்து எதையும் இருக்கிற இடத்திலிருந்து கழற்றுவது என்றாலே எனக்கு ஆகாது. இருக்கிற இடத்தில் வைத்து ஒட்டுப்போட்டு ஓட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். நீ எங்களைச் சென்னைக்கு வரச்சொல்லும் போதெல்லாம் எனக்கு அந்த ஷட்டர்தான் ஞாபகத்துக்கு வரும். உன்னிடம் சொன்னதில்லை. "உங்கம்மா இந்த ஆத்துத் தண்ணிய விட்டுட்டு எங்கயும் வரமாட்டாலே" என்று மட்டும் சொல்லிவிடுவேன். நீயும் வாயை மூடிக்கொள்வாய்.

தண்ணீர் என்றதும் உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும். போன பொங்கலுக்கு நீ வந்தபோது ஒரு கேன் கூலண்ட் வாங்கி வந்து, "இனிமே ரேடியேட்டர்ல இதத்தான் ஊத்தணும்ப்பா, பச்சத் தண்ணிய ஊத்தாதீங்க" என்றாய். தாமிரபரணித் தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் என்று சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மா அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைத்தால் பஞ்சு மாதிரி வேகும். குழந்தைக்கு ஊற்றினால் சளி பிடிக்காது. இந்த ஊரில் எவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான், அதில் ஒரு கர்வம் எங்கள் எல்லோருக்கும். மனுஷனுக்கு ஆகிற தண்ணீர் இரும்புக்கு ஆகாமல் போகுமா என்று நினைத்தேன். நீ ரயில் ஏறியதும் அந்தக் கேனைப் பரணில் போட்டுவிட்டு, அதிகாலையில் படித்துறைக்குப் போய்க் குடத்தில் மொண்டு வந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ரேடியேட்டருக்கு ஊற்றினேன். வண்டி வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். வடிகட்டினேன் என்பதில் எனக்குப் பெருமை வேறு.

உன் வீட்டுக்கு வந்திருந்தபோதும் இதே கூத்துதான். ரயிலில் அவ்வளவு தூரம் ஒரு கேன் நிறைய ஆற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மருமகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "இது என்ன தண்ணி, மருந்து மாதிரி" என்று என் கேனைத் திறந்தேன். அந்தப் பிள்ளை சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கேன் காலியானதும் எனக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. இல்லாத வேலையெல்லாம் சொல்லி, போட்ட டிக்கெட்டை மாற்றி, அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்க அவளுக்கு விருப்பமா என்று நான் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் கேட்காததுதான் ஞாபகம் வருகிறது.

சரி, பட்டறைக்கு வருகிறேன். கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. இன்ஜினை இறக்காமல் ஹெட்டை மட்டும் தூக்கினான் இசக்கி, முனகிக்கொண்டே. அன்று அம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாள். முடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவோம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நிழலில் போட்டான். கழற்றிய ஹெட்டைத் திருப்பி என் கையில் வைத்துக் காட்டினான். வால்வுக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். தண்ணீர் ஓடுகிற துளைகளெல்லாம் சொத்தைப் பல் மாதிரி அரித்துப்போய், காவி நிறத்தில் சேறு அடைத்துக் கிடந்தது.

"அண்ணாச்சி, இதுல என்னத்த ஊத்துனிய?"

"தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"ஆத்துத் தண்ணி. நம்ம தாமிரபரணி. வடிகட்டித்தாம்வே ஊத்துனேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கேலி பண்ணுவான் என்று நினைத்தேன். பண்ணவில்லை. "எங்கப்பாவும் அப்படித்தான் ஊத்துவாரு" என்றான். "குடிக்கதுக்கு அத மாதிரி தண்ணி கிடையாது அண்ணாச்சி. இதுக்கு ஆகாது, அம்புட்டுத்தான்."

அப்புறம் ஒரு நேரான இரும்புப் பட்டையை எடுத்து, ஹெட் உட்கார்ந்திருந்த பிளாக்கின் மேலே குறுக்கே வைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தான். பட்டைக்கு அடியில் நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. தெரியக்கூடாதாம். பிளாக்கும் அரித்துக் குழிந்திருக்கிறது. இன்ஜினை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோய் மட்டம் எடுத்தால்தான் புது ஹெட் சரியாக உட்காரும், இல்லையென்றால் கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடியும் நடுரோட்டில் நிற்கும் என்றான். நீ போனில் சொன்னதேதான். அந்த நேரத்தில் உன் குரல் காதில் கேட்டது, எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. "பரவால்ல, மாட்டிரு. ஓடுத மட்டும் ஓடட்டும்" என்றேன். இசக்கி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான். "வண்டி உங்க வண்டி. மாட்டச் சொன்னா மாட்டுதேன். ஆனா இதுல அக்காவை ஏத்திட்டுல்லா போறிய" என்றான்.

அப்போதுதான் உன் அம்மா எழுந்தாள். நாற்காலிக் கையைப் பிடித்துப் பைய எழுந்து, வண்டிக்கு முன்னால் வந்து குனிந்தாள். "எங்க, அந்த டார்ச்ச இன்னொருக்க அடி பாப்போம்" என்று இசக்கியிடம் சொன்னாள். அவன் அடித்தான். அவள் நன்றாகப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"வெளிச்சம் தெரியுதுல்லா. இறக்கிரு இசக்கி."

எனக்கு முன்னால், என் வண்டியைப் பற்றி அவள் ஒரு முடிவு சொன்னது அதுதான் முதல் தடவை.  தனியாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன், பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.  கருங்குளம் பக்கத்தில் வயலும் வாழையும் வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன், அவன் இறக்கினால் திரும்ப அந்த மாதிரி உட்காருமா, கசியத்தானே போகிறது என்று. அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். 

"என்னங்க, நீங்களும் நம்ம மவனும் என்னையும் இந்த வண்டி மாதிரிதான் பேசிட்டு இருக்கிய. இருந்த இடத்துலயே வச்சுப் பாத்துக்கிடலாம்னு நீங்க சொல்லுதிய. மொத்தமா கெளப்பிக் கொண்டு போயிரணும்னு அவன் சொல்லுதான். அந்த இன்ஜினுக்காவது ஒருத்தன் டார்ச்ச அடிச்சுப் பாத்தான். என்னைய ஒரு வார்த்த யாராவது கேட்டியளா?"

 "நீ இந்த ஊர விட்டு, இந்தத் தண்ணிய விட்டு வருவியா? நீ வரமாட்டேன்னுதான நான் அவன்ட்ட..." என்று இழுத்தேன்.

அவள் சிரித்தாள். கோபமாகச் சிரிக்கவில்லை, அசந்துபோய்ச் சிரித்தாள். "தண்ணியா? நான் எங்கங்க தண்ணி குடிக்கேன்? டாக்டர் அளந்துவிட்ட தண்ணிதான எனக்கு. டம்ளர்ல ஆணி வச்சுக் கோடு கிழிச்சுத் தந்ததே நீங்கதான. அந்தக் கோட்டுக்கு ஆத்துத் தண்ணின்னா என்ன, கொழாத் தண்ணின்னா என்ன. நாக்க நனைக்கதுக்குள்ள தீந்துருது. எனக்கு இந்த ரோடுதான் முடியல. போவும்போதும் வரும்போதும் எலும்பெல்லாம் கழண்டு போவுது. அங்க ஆஸ்பத்திரி வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு அவன் எத்தன வாட்டி சொல்லிட்டான்."

மகனே, எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் வைத்து அழ முடியாமல் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்த டம்ளரில் கோடு கிழித்தவன் நான். தினமும் அளந்து ஊற்றுகிறவன் நான். அவள் நாக்கு வறண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, இந்தத் தண்ணீரை விட்டு இவள் எப்படி வருவாள் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். ஊரை விட முடியாதது எனக்கு. அதை அவள் பேரில் எழுதிவைத்திருந்தேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன், "அப்போ போவமா?" என்று. அவள் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நீங்களும் வருவியளா? இல்ல என்னைய மட்டும் ரயில் ஏத்திவிட்டுட்டு இங்கன ஆத்தப் பாத்துட்டு உக்காந்துருவியளா? அப்படின்னா நான் போவல. லாரியிலயே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிடுதேன்" என்றாள். அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் தனியாக வண்ணார்பேட்டைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இசக்கி சங்கிலிக் கப்பி கட்டி இன்ஜினைத் தூக்கிக்கொண்டிருந்தான். முன்பக்கம் முழுக்கக் காலியாகி, வயரும் ரப்பர்க் குழாயும் தொங்க, வண்டி பொக்கைவாய் மாதிரி நின்றது. இன்ஜின் அந்தரத்தில் பைய ஆடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அது உதிர்ந்துவிடவில்லை. நான் நினைத்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. இறக்கி ஒரு பழைய டயர்மேல் உட்கார வைத்தான், அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. "திரும்ப ஏத்தும்போது சரியா உக்காருமா இசக்கி?" என்று கேட்டேன். "உக்காரும் அண்ணாச்சி. புதுசுல கொஞ்சம் அதிரும். ஓட ஓடச் சரியாயிரும்" என்றான். அவன் வழக்கமான அளப்புதான், வளைகுடாவில் எத்தனை இறக்கியிருக்கிறான் என்று அதற்குமேல் ஆரம்பித்துவிட்டான். ஆனால் எனக்கு அந்த முதல் பேச்சு போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் அம்மாவிடம் சொன்னேன், நானும் வருகிறேன் என்று. "செருப்பக் கழத்திட்டு வந்து சொல்லுங்க" என்றாள். கழற்றிவிட்டு வந்து மறுபடியும் சொன்னேன்.

ஆக, வருகிறோம். உனக்கு நான் புத்தி சொல்லும் நிலைமையில் இல்லை, இருந்தாலும் அப்பன் என்று ஒருவன் இருக்கிறானே, இரண்டு வார்த்தை கேட்டுக்கொள். நீயும் லேசுப்பட்டவன் இல்லை. "அம்மா எப்படிப்பா இருக்காங்க" என்று என்னிடம்தான் எப்போதும் கேட்டாய். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வரச்சொல்லி என்னிடம்தான் சண்டை போட்டாய், அவளிடம் ஒருநாளும் கேட்கவில்லை. இனிமேல் அவளிடம் கேள். நாங்கள் வருவதற்கு முன்னால் மருமகளிடமும் கேட்டுக்கொள். அது அவள் வீடு, அவள் சம்மதம் இல்லாமல் எங்களுக்கு அறை ஒதுக்காதே. அவளுக்கு ஏதாவது சங்கடம் என்றால் மறைக்காமல் சொல், பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு லிப்டில் தனியாகப் போகப் பயம், கூட யாராவது போக வேண்டும். அவளுக்கு மத்தியானம் தூங்க வேண்டும், அந்த நேரத்தில் டிவி சத்தம் ஆகாது. மற்றபடி அவளால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இராது. தொந்தரவு என்றால் என்னால்தான் இருக்கும்.

கிளம்பப்போகிறவர்களுக்கு வண்டி எதற்கு, அதற்கு எதற்குப் புது ஹெட் என்று கேட்பாய். நானும் கேட்டேன். ஸ்டேஷனுக்கு நம் வண்டியில்தான் போக வேண்டும், இனி லாரியில் ஏறமாட்டேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். நீ கொண்டுவந்த கூலண்ட் கேனைப் பரணிலிருந்து எடுத்து, தூசி துடைத்து இசக்கியிடம் கொடுத்துவிட்டேன். எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு போகட்டும், விற்பதோ வைத்துக்கொள்வதோ அவன் பாடு.

நேற்று படித்துறைக்குப் போயிருந்தேன். தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடுகிறது, கரையோரமெல்லாம் அமலைச்செடி படர்ந்து மிதக்கிறது. முகம் கழுவிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் மறுபடியும் மனசு மாறிவிடும்.

அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கோடு போட்ட டம்ளரை முதலில் எடுத்துப் புடவைக்குள் சுற்றி வைத்துவிட்டாள். அதில் கோட்டுக்கு மேலே ஊற்றாதே, கெஞ்சினாலும் ஊற்றாதே, உனக்குக் கஷ்டமாக இருந்தால் என்னைக் கூப்பிடு. நான் ரயிலுக்குத் தூக்கி வருவேனே, அந்தத் தண்ணீர்க் கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இந்தத் தடவை அது வராது. மருமகளிடம் சொல், நாங்கள் வந்து இறங்கியதும் எனக்கு அந்தச் சொம்பில் உங்கள் வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கச் சொல். முழுக்கக் குடித்துவிட்டுத்தான் சொம்பைக் கீழே வைப்பேன்.

அப்பா